வெறுங்காலின் புகழ்

திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது. உதைபந்தாட்டத்தை நம் நாடுகளுக்குக் கொணர்ந்தோர் அத்தகைய மாலுமிகளும் போர்வீரருமே. அவர்கள் சப்பாத்தணிந்து ஆடினர். நம்மவரோ வெறுங்காலோடு ஆடப் பயின்றனர்.

அவ்வெறுங்கால் ஆட்டத்தை ஸ்கொத்லாந்திலே ஆடிக் காட்டியவர் கல்கத்தா வீரர் முகமது சலீம். 1936 இல் கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தின் இரண்டாம் அணிக்காக, பாதங்களில் துணிக்கட்டுடன் இரு போட்டிகளில் ஆடினார். இரண்டிலும் அணி வென்றது. கழகம் அவரை இருத்திக்கொள்ள விரும்பியும், தாயகத்தின் நினைவு மேலிட அவர் திரும்பினார்.

முதுமையில் அவர் நோயுற்றபோது, மகன் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். வேண்டியது பொருளன்று, தந்தையை அவர்கள் நினைவிற் கொண்டுள்ளனரா என அறிவதே நோக்கம். நூறு பவுணுக்கான காசோலை வந்தது. மகன் அதை மாற்றவேயில்லை. தந்தையின் புகழுக்குச் சான்றாகப் பேணி வைத்தார். சலீம் 1980 இல் மறைந்தார்.