கருவறையில் ஒரு கண்ணாடி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியை ஒட்டிய ஊர் சாமிதோப்பு. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களின் தலைமைப்பதி அங்கேதான் இருக்கிறது. அதன் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி ஒன்றும் இரு பக்கமும் விளக்குகளும் உண்டு. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கோயிலுக்குப் போனால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிப் பழகிய நாட்டில், இங்கே மட்டும் முறை நேர்மாறு.

ஏன் என்பதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்திருவிதாங்கூரில் இருக்கிறது. பனையேறிப் பிழைத்த சாணார் மக்கள் அன்று குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன்நகை போடக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. ஆண்கள் முண்டாசு கட்டக் கூடாது. தலைவரி தனி, மரமேறும் ஏணிக்கு ஒரு காணம் என்ற வரி, காலில் மாட்டும் தளைக்கு ஒரு காணம். கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே வழியில்லை. ஒரு மனிதன் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அவன் சாதி முடிவு செய்தது. அரசு அதைக் காவல் காத்தது.

அந்த மக்களிடையே 1809இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். கீழ்ச்சாதிக் குழந்தைக்கு முடியா, பெருமாளா என்று மேல்சாதியார் கொதிக்க, பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அடியவர்களின் நம்பிக்கை. அந்த மாசி 20ஆம் நாளை இன்றும் அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

முண்டாசு கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களிடம் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார் வைகுண்டர். காணிக்கை கொடுக்காதீர்கள், பலியிடாதீர்கள் என்றார். எல்லாச் சாதியாரும் ஒரே நீரை எடுத்துக் குளித்துக் குடிக்க முத்திரிக்கிணறு அமைந்தது. துவையல் தவசு என்ற பெயரில் எழுநூறு குடும்பங்கள் கடலோரத்தில் கூடித் தங்கி, துணிகளைத் துவைத்து உடுத்தி, ஒருபொழுது உண்டு வாழ்ந்ததாக மரபு சொல்கிறது. அழுக்கானவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே மதிக்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது. கண்ணாடியின் முன் நிற்கப்போகும் மனிதரை உருவாக்கும் வேலை இங்கேதான் நடந்தது என்று தோன்றுகிறது. அந்தப் பயிற்சி இல்லாமல் கண்ணாடியை மட்டும் மாட்டியிருந்தால் அது வெறும் அலங்காரப் பொருளாக நின்றிருக்கும்.

திருவிதாங்கூர் அரசு சும்மா இருக்கவில்லை. சுவாதித் திருநாள் ஆட்சியில் வைகுண்டர் கைதாகித் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார், 1839இல் விடுதலையானார். 1841இல் அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்நீசன் என்றும் கூசாமல் பெயரிட்டது. 1851இல் வைகுண்டர் மறைந்தார். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான அரசாணை வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1859இல். அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கண்ணாடியைத் தெய்வீகப் பொருளாகக் கொள்வது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. கேரளத்தில் பகவதி வழிபாட்டிலும், விஷுக் கணியிலும், அஷ்டமங்கலத் தட்டிலும் வால்கண்ணாடிக்கு இடமுண்டு. ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் உலோகக் கண்ணாடி புகழ்பெற்றது. அதன் மேற்பரப்பே உருவைக் காட்டுவதால், விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியாது. அதைச் செய்யும் குடும்பங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை என்பது அங்கு வழங்கும் செய்தி. ஆனால் அந்தக் கண்ணாடி அரண்மனைக்கும் பெரிய கோயிலுக்கும் உரிய பொருள். 1835இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு படியவைக்கும் முறையைக் கண்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் முகம் பார்க்கும் கண்ணாடி எளியவர் வீட்டுக்கும் எட்டும் பொருளாகிவிட்டது. அதனால், தென்குமரியெங்கும் எழுந்த நிழல் தாங்கல்கள் என்னும் அய்யாவழி வழிபாட்டிடங்களில் விலைமதிப்புள்ள விக்கிரகமோ அதைப் பூசிக்கத் தனி உரிமை பெற்ற குலமோ தேவைப்படவில்லை.

வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தன்று தொடங்கிய சத்திய ஞான சபையிலும் சிலை இல்லை. ஏழு வண்ணத் திரைகள் விலக, கண்ணாடியின் வழியே தெரிவது சோதி. அங்கே கண்ணாடி ஒளியைக் காட்டுகிறது. சாமிதோப்பில் ஆளையே காட்டுகிறது.

சாமிதோப்புக்கு இன்னும் நெருக்கமான உறவு வடக்கே, அதே திருவிதாங்கூரில் இருக்கிறது. ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றின் கரையில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். உனக்கு ஏது அந்த உரிமை என்று கேட்கப்பட்ட செயல் அது. பின்னாளில் ஓர் இடத்தில் விளக்கை வைத்தார்; இன்னோர் இடத்தில் சொற்கள் பொறித்த பலகையை வைத்தார். மறைவதற்கு ஓராண்டுக்கு முன், 1927இல், சேர்த்தலை அருகே களவங்கோட்டில் அவர் பிரதிஷ்டை செய்தது ஒரு கண்ணாடி. பின்புற ரசத்தைச் சுரண்டி, ஓம் சாந்தி என்ற எழுத்துகள் தெரியும்படி செய்யப்பட்டது. இத்தனை ஆண்டுகள் கோயில் கோயிலாகப் பிரதிஷ்டை செய்துவந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது என்பது சாதாரணச் செய்தியல்ல.

திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டது 1936 நவம்பர் 12ஆம் நாள். அதற்குள் சாமிதோப்பில் நான்கு தலைமுறைகள் தலைப்பாகையோடு வழிபட்டிருந்தன. 1956இல் தென்திருவிதாங்கூர் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாசி 20 இன்று அங்கே உள்ளூர் விடுமுறை. ஆனாலும் நம் சீர்திருத்த வரலாறுகளில் வைகுண்டருக்குக் கிடைக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய வழியினர் பெரும்பாலும் இந்துக்களாகவே எழுதப்படுகிறார்கள். தனிச் சமயமாக ஏற்க வேண்டும் என்ற குரல் அவர்களிடையே தொடர்ந்து ஒலிக்கிறது.