வெள்ளாற்றுக்கு வடகரை

மங்களூர் என்றதும் பலருக்குக் கர்நாடகக் கடற்கரைதான் ஞாபகம் வரும். நாம் போவது விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி வட்டாரத்து மங்களூர். 2001-இல் தொல். திருமாவளவனை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது மங்களூர்த் தொகுதிதான். தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் போய், 2011 தேர்தலில் அது திட்டக்குடி ஆனது. ஊராட்சி ஒன்றியத்துக்கு மட்டும் பழைய பெயர் தங்கியிருக்கிறது.

தெற்கே வெள்ளாறு. கல்வராயன் மலையின் வசிஷ்ட நதியும் கொல்லிமலையின் சுவேத நதியும் கூடி வருவது. வெள்ளைக்காரர் காலத்தில் வடகரை தென்னார்க்காடு, தென்கரை திருச்சி. 1993-இல் இக்கரை கடலூர் மாவட்டமானது. 1995-இல் எதிர்க்கரை பெரம்பலூர் மாவட்டமானது. பெயர்கள் மாறின, எல்லை ஆற்றோடுதான் இருக்கிறது.

ஆனால் இங்குள்ள சம்சாரிக்கு மாவட்ட எல்லை பெரிய விஷயமில்லை. வாய்க்கால் பாயும் ஊரா, பாயாத ஊரா என்பதுதான் கேள்வி. தொழுதூரில் வெள்ளாற்றை மறித்து, கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, கீழச்செருவாயில் தேக்கினார்கள். 1923-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த வெலிங்டன் ஏரியின் கொள்ளளவு சுமார் இரண்டரை டி.எம்.சி. அன்றைய சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் பெயர் அது. நெப்போலியனை வென்ற தளபதிக்கும் இந்த ஏரிக்கும் சம்பந்தமில்லை. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். மேட்டுப் பக்கம் மானாவாரி: பருத்தி, மக்காச்சோளம், ஐப்பசி மழையை நம்பிய பிழைப்பு. 2018-இல் படைப்புழு வந்தபோது மக்காச்சோளக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏரியைப் புகழ்கிற நாம் மேட்டுக்காட்டை மறந்துவிடுகிறோம்.

சாலைக்கு வருவோம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வேப்பூர், ராமநத்தம், தொழுதூர் என்று வந்து வெள்ளாற்றைக் கடக்கிறது. அதைவிடப் பழைய வழி ஒன்று கிழக்கே உண்டு. பெண்ணாடத்திலிருந்து திருவரத்துறைக்குச் சம்பந்தர் நடந்த வழி. தந்தையின் தோளில் ஏறாமல் பிஞ்சுக் கால் நோக நடந்த பிள்ளை, இரவு மாறன்பாடியில் தங்கினார் என்கிறது பெரியபுராணம். சிவன் முத்துச்சிவிகை தந்தது அப்போதுதான். சிவிகையை நம்புவது அவரவர் விருப்பம். பெரியபுராணம் எழுதப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஆட்கள் நடமாடிய தடம் அது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

அடுத்த வாரம் தொழுதூர்ப் பாலத்தைத் தாண்டி, 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் பக்கம் போகலாம்.