நிலவில் வௌவால் மனிதர்கள்

1835-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு சென்ட் விலைக்கு விற்கப்பட்டு வந்த 'சன்' என்னும் நாளிதழில் ஒரு தொடர் கட்டுரை ஆரம்பமாயிற்று. புகழ்பெற்ற வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் மாபெரும் தொலைநோக்கி ஒன்றை நிறுவி, அதன் வழியே நிலவில் உயிரினங்களைக் கண்டுவிட்டார் என்பதே செய்தி. ஆகஸ்ட் 31 வரை ஆறு பகுதிகளாக அது வெளிவந்தது. முதலில் பாறைகளும் செந்நிறப் பூக்களும் வந்தன. அடுத்துக் காட்டெருமை போன்ற விலங்குகள். பிறகு இரண்டு கால்களில் நடந்து, குடிசை கட்டித் தீ மூட்டி வாழும் விலங்குகள். நான்காம் பகுதியில் நான்கு அடி உயரமும், செம்பு நிற மயிரும், சிறகுகளும் கொண்ட 'வௌவால் மனிதர்கள்' தோன்றினார்கள்!

நகரமெங்கும் இதே பேச்சு. தன் விற்பனை 19,360 படிகளை எட்டிவிட்டதென்றும், உலகில் வேறெந்த நாளிதழுக்கும் இவ்வளவு விற்பனை இல்லையென்றும் 'சன்' பெருமையுடன் அறிவித்துக்கொண்டது. மற்றப் பத்திரிகைகள் பலவும் செய்தியை எடுத்து மறுபதிப்புச் செய்தன.

அத்தனையும் கற்பனை. எழுதியவர் அந்நாளிதழின் ஆசிரியரான ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். 1840-இல் அவரே இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பழைய கதையை இப்போது எதற்குச் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினி முறைகள் இன்று கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதுகின்றன; படம் வரைகின்றன; ஒருவர் குரலிலேயே பேசுகின்றன. எது மெய், எது பொய் என்று சமுதாயம் திகைக்கும் இந்நாளில், லாக்கின் கட்டுரை நமக்கு நல்ல பாடப்புத்தகம்.

மெய்யின் வேடம்

படித்தவர்களும் இதை ஏன் நம்பினார்கள்? லாக் தம் பொய்யைச் சுற்றிலும் உண்மைகளை அடுக்கியிருந்தார். ஹெர்ஷல் கற்பனை மனிதர் அல்லர். 1834 முதல் அவர் நன்னம்பிக்கை முனையில்தான் ஆய்வு நடத்தி வந்தார். அங்கே அவரிடம் தொலைநோக்கியும் இருந்தது. ஆனால் அது 20 அடி நீளமும், சுமார் 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடியும் கொண்டது. கட்டுரையில் வந்த கருவியோ 24 அடி விட்டமுள்ள லென்ஸ் உடையது! அதன் எடை 14,826 பவுண்டு. உருப்பெருக்கம் 42,000 மடங்கு. 'ஏறக்குறைய ஏழு டன்' என்று சொல்லி நிறுத்தாமல் கடைசி பவுண்டு வரை சொன்னால் யாருக்குத்தான் ஐயம் வரும்?

இன்னொன்றும் செய்தார். செய்தி 'எடின்பரோ அறிவியல் இதழ்' என்பதிலிருந்து எடுக்கப்பட்டதாக எழுதினார். அப்பெயரில் ஓர் இதழ் உண்மையாகவே இருந்தது. ஆனால் இந்தத் தொடர் வெளிவருமுன்பே அது நின்றுபோய்விட்டது. மூலக் கட்டுரையை எழுதியதாகச் சொல்லப்பட்ட டாக்டர் ஆண்ட்ரூ கிராண்ட் என்பவரோ பிறக்கவே இல்லை. ஹெர்ஷலையே கேட்டுவிடலாம் என்றால், அது தந்தி வராத காலம். கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

பெயர், எண், மேற்கோள் ஆகியவை சான்றின் வெளித்தோற்றங்கள். அவற்றைச் சான்றின் சாயல் எனலாம். சான்று என்பது வேறு. இன்னொருவர் தாமே சென்று சோதித்துப் பார்க்கக்கூடியது எதுவோ அதுவே சான்று. லாக் தந்தது சாயல். மக்கள் அதைச் சான்று என்று வாங்கிக்கொண்டார்கள்.

தாளும் பென்சிலும் போதும்

மாணவ நண்பர்களே, ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதாமலேயே இந்தப் பொய்யை நாம் சோதிக்கலாம். நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 42,000 மடங்கு உருப்பெருக்கம் என்றால், 3,84,000-ஐ 42,000-ஆல் வகுத்த தூரத்திலிருந்து வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம். விடை சுமார் 9 கிலோமீட்டர். நமது கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். அதாவது 9 கிலோமீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்குக் குறைந்த பொருளின் உருவம் நமக்குத் தெரியாது. நான்கு அடி உயர வௌவால் மனிதனின் முகமும் மயிரின் நிறமும் எங்கே தெரியப்போகின்றன?

மேலும் சில லென்சுகளைச் சேர்த்து உருவத்தை இன்னும் பெருக்கினால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கே நிற்கிறது. 24 அடி, அதாவது 7.3 மீட்டர் விட்டமுள்ள லென்ஸ், நிலவில் சுமார் 35 மீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. அதற்கு மேல் எவ்வளவு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். இந்த எல்லையைக் கணக்கிட வழிகாட்டிய ஜார்ஜ் ஏரியின் ஆய்வுக் கட்டுரை வெளியானதும் அதே 1835-இல்தான்! பொய்யும் அதை அளக்கும் கோலும் ஒரே ஆண்டில் பிறந்தன. பொய்யைப் பல்லாயிரம் பேர் படித்தார்கள். கோலை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இயந்திரம் எப்படி எழுதுகிறது?

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய மொழி இயந்திரங்களுக்கு அளவற்ற எழுத்துக் குவியல் பயிற்சியாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு சொல்தொடருக்குப் பிறகு எந்தச் சொல் வருவது பொருத்தம் என்பதை நிகழ்தகவு முறையில் கற்றுக்கொண்டு, அவை சொல் சொல்லாக வாக்கியத்தை நீட்டிக்கொண்டு போகின்றன. பெரும்பாலும் விடை சரியாகவே அமைகிறது. ஆனால் மெய்யான மேற்கோளும் பொய்யான மேற்கோளும் வடிவத்தில் ஒன்றே. வடிவத்தை மட்டும் பார்த்து எழுதினால், இல்லாத நூலுக்கும் பக்க எண் கிடைத்துவிடும்.

2023-இல் இது நீதிமன்றம் வரை வந்தது. லாக்கின் அதே நியூயார்க் நகரில், விமான நிறுவனம் ஒன்றின் மீது தொடரப்பட்ட வழக்கில், வழக்கறிஞர்கள் பல முன் தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். தேடிப் பார்த்தபோது அப்படிப்பட்ட வழக்குகளே நடந்திருக்கவில்லை. அவற்றை இயந்திரம் புனைந்திருந்தது. அவை மெய்யா என்று அதே இயந்திரத்தைக் கேட்டபோது, ஆம் என்றது! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். திருடனையே சாட்சிக்கு அழைத்தால் வேறென்ன கிடைக்கும்?

1835-க்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். சான்றின் சாயலை உண்டாக்க லாக்குக்கு வானியல் அறிவும் எழுத்துத் திறனும் பல நாள் உழைப்பும் தேவைப்பட்டன. இன்று அது எவருக்கும் சில நொடிகளில் கிடைக்கிறது. சோதிப்பதற்கு மட்டும் அன்றும் இன்றும் உழைப்பு வேண்டும்.

வேகமும் ஐயமும்

2023 மே 22 அன்று, அமெரிக்கப் படைத்துறைத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து நேர்ந்ததாக ஒரு படம் பரவிற்று. அது செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டதாகக் கருதப்படும் போலிப் படம். உள்ளூர்த் தீயணைப்புத் துறை மறுப்பதற்குள் பங்குச் சந்தைக் குறியீடு சற்றே சரிந்து மீண்டது.

எல்லாப் பழியையும் இயந்திரத்தின் மேல் போடுவதும் நியாயமன்று. 2006 முதல் 2017 வரை 'ட்விட்டர்' தளத்தில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த அறிஞர்கள், 2018-இல் 'சயன்ஸ்' இதழில் தம் முடிவை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைவிட மெய்ச் செய்தி சுமார் ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. பொய்யை அதிகமாகப் பரப்பியவை தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே. புதுமையும் வியப்பும் உடைய செய்தியைக் கேட்டவுடன் அடுத்தவரிடம் சொல்லத் துடிக்கும் நம் ஆவல்தான் பொய்க்குக் குதிரை.

வேகத்தைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. எதையும் போலியாக்கலாம் என்று தெரிந்துவிட்டால், மெய்யையும் போலி என்று தள்ளுவது எளிதாகிவிடும். கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட 'இது இயந்திரம் செய்த படம்' என்று சொல்லித் தப்பப் பார்ப்பான். 1835-இல் நிலவில் இல்லாத மனிதர்களை மக்கள் நம்பினார்கள். 1969-இல் மனிதர் மெய்யாகவே நிலவில் இறங்கினர். அதை நாடகம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்! எல்லாவற்றையும் நம்புவதும் எதையுமே நம்பாததும் சோதிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் இரண்டு வழிகள்.

ஆகவே, வாசகரே, வியப்பூட்டும் செய்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் மூலம் எங்கே உள்ளது, நானே சென்று பார்க்க முடியுமா? இதிலுள்ள எண்கள் எளிய கணக்குக்கு நிற்கின்றனவா? இதனோடு தொடர்பில்லாத இன்னொருவர் இதைக் கண்டு சொல்லியிருக்கிறாரா? விடை கிடைக்கும்வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.

அப்பல்லோ 11 வீரர்கள் 1969-இல் நிலவில் ஓர் ஒளித் திருப்பிக் கருவியை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அதை நோக்கி லேசர் ஒளியைச் செலுத்தினால், சுமார் இரண்டரை நொடியில் அது திரும்பி வருகிறது. வெவ்வேறு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதைத் தனித்தனியே செய்து பார்த்திருக்கின்றன. இதில் நாம் எவருடைய வார்த்தையையும் நம்பவேண்டியதில்லை. கருவி இருந்தால் நாமே அளந்து பார்க்கலாம். லாக்கின் ஏழு டன் லென்சோ அவருடைய தாளைவிட்டு வெளியே வரவே இல்லை.