தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்பது தமிழ்நாட்டிலுள்ள கடைகள், உணவகங்கள், திரையரங்குகள், வணிக அலுவலகங்கள் முதலியவற்றில் பணிபுரிவோரின் வேலை நேரம், விடுமுறை, பணிப் பாதுகாப்பு ஆகியவற்றை முறைப்படுத்தும் மாநிலச் சட்டமாகும். தொழிற்சாலைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் உண்டு. அதன் வரம்பில் அடங்காத கடை ஊழியர், கணக்கர், உணவு பரிமாறுவோர் போன்றோருக்கு இச்சட்டமே முதன்மையான பாதுகாப்பாக விளங்குகிறது.

வரலாறு

இச்சட்டம் சென்னை மாகாணத்தில், சென்னை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்ற பெயரில் இயற்றப்பட்டது. சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றப்பட்ட பின்னர் சட்டத்தின் பெயரும் மாறியது. 2025 நவம்பர் 21 அன்று நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவை பல நடுவண் சட்டங்களை நீக்கியபோதிலும், மாநிலச் சட்டமான இது அந்த நீக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை.

முக்கிய உரிமைகள்

இச்சட்டம் ஊழியருக்கு வழங்கும் முக்கிய உரிமைகள் பின்வருமாறு:

* வேலை நேரம்: நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம். மிகைநேர ஊதியம் அளித்தால் இது நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை நீளலாம்.
* மிகைநேர ஊதியம்: வழக்கமான ஊதிய விகிதத்தைப் போல் இரு மடங்கு.
* இடைவேளை: குறைந்தது ஒரு மணி நேர ஓய்வின்றித் தொடர்ந்து 4 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக்கூடாது.
* வார விடுமுறை: வாரத்தில் ஒரு நாள்.
* ஊதியத்துடன் கூடிய விடுப்பு: 12 மாதத் தொடர்பணிக்குப் பின் ஆண்டுக்கு 12 நாட்கள். இவை தவிர நோய் விடுப்பு 12 நாட்கள், தற்செயல் விடுப்பு 12 நாட்கள் வரை உண்டு.
* சிறுவர் பாதுகாப்பு: 14 வயது நிறைவடையாத சிறுவரைப் பணியமர்த்தக்கூடாது.

பணிநீக்கப் பாதுகாப்பு

சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவரை நியாயமான காரணமின்றி நீக்க இயலாது. காரணம் இருப்பினும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரவேண்டும். ஒழுங்கீனக் குற்றச்சாட்டு முறையான விசாரணையில் போதிய சான்றுகளுடன் பதிவு செய்யப்பட்டிருந்தால் மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. நீக்கப்பட்டவர் இதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரியிடம் உரிய காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். பணியமர்வுக் கடிதம் பெறாதவர்கள் தமது ஆறு மாதப் பணியை மெய்ப்பிக்கத் தடுமாற நேரிடும் என்பதால் ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு போன்ற ஆவணங்கள் இன்றியமையாதவை.

அமர்வதற்கான உரிமை

துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்கள் வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலை நெடுங்காலம் நிலவியது. கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த பி. விஜியும் பெண்கூட்டு அமைப்பினரும் இதற்கு எதிராகப் போராடினர். 2018இல் அம்மாநிலம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் சட்டமன்றத்தில் திருத்த முன்வரைவைக் கொண்டுவந்தார். இதன்வழி 22-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணியின்போது வாய்ப்புக் கிடைக்கும் வேளைகளில் அமர்வதற்கு ஏற்ற இருக்கைகளை ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியருக்கும் அமைத்துத்தர வேண்டும் என இப்பிரிவு கூறுகிறது. எனினும், எவ்வளவு நேரம் அமரலாம் என்பதை அது வரையறுக்கவில்லை. ஆகவே, இருக்கை போடப்பட்டிருப்பதோடு அதில் அமர ஊழியர் அனுமதிக்கப்படுவதும் இவ்வுரிமையின் பயனைத் தீர்மானிக்கிறது.

இரவு நேரப் பணி

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019இல் அரசாணை வழியாக மூன்றாண்டுகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. இது 2022இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது. கடை எந்நாளும் திறந்திருந்தாலும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை அளிக்கவேண்டும். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் பணிபுரியச் செய்ய அவர்களின் எழுத்துமூலமான இசைவும் தக்க பாதுகாப்பும் தேவை.

விலக்குகள்

மேலாண்மைப் பொறுப்பில் உள்ளோர், நடுவண் மற்றும் மாநில அரசு அலுவலகங்கள், உள்ளாட்சி அமைப்புகள் முதலியன இச்சட்டத்தின் வரம்பிற்கு வெளியே உள்ளன. வேறு சட்டம், ஒப்பந்தம் அல்லது வழக்கத்தால் ஊழியருக்குக் கூடுதல் நன்மை ஏற்கெனவே கிடைத்து வந்தால், அதனை இச்சட்டம் குறைப்பதில்லை.