வெகுமதியா, இலஞ்சமா? - கஞ்சாவும் மனநோயும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

நியூ ஜேர்சியில் நம்மவர் சிலர் கூடிய ஒரு மாலையில் இந்தப் பேச்சு எழுந்தது. தெரிந்த குடும்பத்துப் பெடியன் ஒருவன்; மனச்சிதைவு நோயோடு வாழ்கிறான். மருந்தும் எடுக்கிறான், கஞ்சாவும் புகைக்கிறான். புகைக்காமல் இருப்பதற்குச் சிறு வெகுமதி கொடுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்று நான் சொன்னபோது, முன்னாள் ஆசிரியர் ஒருவர் கொதித்துப் போனார். "செய்யக்கூடாததைச் செய்யாமல் விட்டதற்குக் காசோ? இது இலஞ்சம், தம்பி." அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

ஆசிரியரின் கோபம் புதியதல்ல. இச்சிகிச்சையின் அறுபது ஆண்டு வரலாறும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது: வெகுமதி என்பது எது? அதைக் கையில் வைத்திருப்பவர் யார்?

1961இல் இலினோய் மாநிலத்தின் அன்னா அரச மனநோய் மருத்துவமனையில் தியோடோரோ அய்லோன், நேதன் அஸ்ரின் என்னும் இரு உளவியலாளர்கள் ஒரு விடுதியில் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினர். நற்பலன் தரும் செயலை மனிதர் மீண்டும் செய்வர் என்ற பி. எஃப். ஸ்கின்னரின் கொள்கையே அதன் அடிப்படை. தன் வேலையைத் தானே செய்யும் நோயாளிக்கு டோக்கன் கிடைக்கும். அதைக் கொடுத்து சிகரெட், விரும்பிய அறை, வெளியே உலாவ அனுமதி, மதகுருவோடு பேசும் நேரம் என்பவற்றை வாங்கலாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், பாலோ அல்ரோவிலுள்ள முன்னாள் படையினர் மருத்துவமனையிலும் ஜோன் அத்தோவ், லெனார்ட் கிராஸ்னர் இருவரும் இதைச் செய்து பார்த்தனர். எதிலும் நாட்டமின்றிப் பல்லாண்டு கிடந்த நோயாளர் பலர் செயற்படத் தொடங்கினர் என்று 1968இல் அவர்களது அறிக்கை கூறியது.

ஆனால் இதில் ஒரு வஞ்சகம் மறைந்திருந்தது. தனிமை, காற்றாட நடத்தல், வழிபாடு ஆகியவை ஒரு மனிதனுக்கு ஏற்கெனவே உரியவை. சில விடுதிகளில் உணவும் படுக்கையும்கூட டோக்கனுக்கு உட்பட்டன. முதலில் பறித்துக்கொண்டு, பின்னர் அதையே பரிசாகக் கொடுத்தார்கள். 1972இல் அலபாமாவின் வயற் எதிர் ஸ்ரிக்னி வழக்கில் நீதிபதி பிராங்க் ஜோன்சன் இதற்கு எல்லை வகுத்தார். உணவு, படுக்கை, தனிமை, பார்வையாளரைச் சந்தித்தல் என்பன உரிமைகள். நோயாளியைக் கட்டாயப்படுத்தி மருத்துவமனை வேலை வாங்கக்கூடாது. அவர் விரும்பிச் செய்தாலும் கூலி கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. டோக்கன் விடுதிகள் மெல்லத் தேய்ந்தன.

இருபது ஆண்டுகளின் பின் அதே கொள்கை வேறு உருவில் திரும்பியது. வேர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கொக்கேய்ன் பாவனையாளரிடம் இதைப் பரிசோதித்தார். வாரம் மூன்று முறை சிறுநீர்ச் சோதனை. முதலாவது சுத்தமான மாதிரிக்கு 2.50 டொலர் பெறுமதியான வவுச்சர். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் 1.25 டொலர் கூடும். தவறினால் தொகை மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். ஆனால் முன்பு சேர்த்தது பறிபோகாது. கையில் காசு கொடுப்பதில்லை. பொருளோ சேவையோ வாங்கிக் கொடுப்பார்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள்: இங்கே எவருடைய சோறும் பணயம் வைக்கப்படவில்லை. உள்ளதற்கு மேலாக ஒன்று சேர்க்கப்படுகிறது.

கஞ்சாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நெடுநாள் புகைத்தவரின் சிறுநீரில், நிறுத்திய பின்னரும் வாரக்கணக்கில் அதன் தடயம் இருக்கும். நேற்றே நிறுத்தியவனை இன்று பொய்யன் என்று சொல்லிவிடலாம். அலன் பட்னி இதை மனதிற்கொண்டு கஞ்சாவுக்கான வவுச்சர் முறையை வகுத்து, 60 பேரிடம் செய்த ஆய்வை 2000இல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஸ்ரேசி சிக்மனும் குழுவினரும் கடும் மனநோயுள்ள 18 பேரிடம், சுத்தமான மாதிரிக்கே பணம் என்ற கட்டங்களில் கஞ்சாப் பாவனை குறைவதைக் கண்டனர். 'புத்தி பேதலித்தவனுக்கு இலாப நட்டம் தெரியுமா?' என்ற ஏளனத்துக்கு அந்தச் சிறிய ஆய்வு ஒரு பதில். 2006இல் அலன் பெலக்கின் குழு மேரிலாந்தில் கடும் மனநோயோடு போதைப் பழக்கமும் உள்ள 129 பேரிடம், வெகுமதியோடு திறன் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டது.

எனினும் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மனப்பிறழ்வின் ஆரம்ப நிலையிலிருந்த 551 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2019இல் வந்தது. 12 வாரங்களில் 240 பவுண் வரை வவுச்சர் கொடுத்தும், நோய் முற்றி அவசர மனநல சிகிச்சைக்குப் போவதை அது தள்ளிப்போட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இது மந்திரமல்ல. வெகுமதி ஒரு வாசலைத் திறக்கலாம். வாசலுக்கு அப்பால் வேலையும் வீடும் நட்பும் இல்லாவிட்டால் போனவன் திரும்பி வந்துவிடுவான்.

இன்று அமெரிக்காவில் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன. கலிபோர்னியாவில் 2018இலிருந்தும் நியூ ஜேர்சியில் 2022இலிருந்தும் வயது வந்தோர் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம். டெக்சாஸிலோ இரண்டு அவுன்சுக்குக் குறைவாக வைத்திருந்தாலும் 180 நாள் வரை சிறை உண்டு. 2023இல் கலிபோர்னியா வறியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியில் வெகுமதிச் சிகிச்சையைத் தொடங்கியது. ஆண்டுக்கு உச்சம் 599 டொலர். ஆனால் அது கொக்கேய்ன், மெத் போன்ற ஊக்கப் போதைகளுக்கு மட்டுமே. கடையில் கஞ்சா வாங்க வழியுண்டு. அதை விட முயலும் மனநோயாளிக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

பழியின் வரலாறும் நம்மிடம் உண்டு. 1893-94இல் பிரித்தானிய இந்தியாவின் கஞ்சா ஆணைக்குழு மனநோய் விடுதிப் பதிவேடுகளை ஆராய்ந்தது. 1892இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தபோது 98 பேரில் மட்டுமே அப்படிக் கருத இடமிருந்தது. காரணம் தெரியாத இடத்தைப் பொலிசாரும் அதிகாரிகளும் கஞ்சாவால் நிரப்பியிருந்தார்கள். கஞ்சா தீங்கற்றது என்று இதற்குப் பொருளல்ல. அதிகப் பாவனை மனப்பிறழ்வின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதற்கு 1987இன் சுவீடன் ஆய்விலிருந்து சான்றுகள் வளர்ந்துள்ளன. ஆனால் 'எல்லாம் அந்தப் புகையாலதான்' என்று நம் வீடுகளில் சொல்லும்போது, போரையும் தனிமையையும் பரம்பரையையும் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

இப்போது ஆசிரியருக்குப் பதில். இலஞ்சம் என்பது கொடுப்பவரின் நன்மைக்காக வாங்குபவரைக் கடமையிலிருந்து தவறச் செய்வது. இங்கே நன்மை வாங்குபவருக்கே. நாம் வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 'விட்டால்தான் சோறு', 'விட்டால்தான் அறைச் சாவி', 'விட்டால்தான் தங்கச்சியின் கலியாணத்துக்கு வரலாம்' என்று நோயுற்ற பிள்ளையிடம் சொல்லும் வீடுகள் நம்மிடையே உள்ளன. ஒரு மருத்துவமனை செய்யக்கூடாதென்று 1972இல் நீதிமன்றம் சொன்னதை, அன்பின் பெயரால் வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம். சோறும் சாவியும் அவனுக்கு உரியவை. வெகுமதி அவற்றுக்கு மேலாக வரட்டும். இதற்கு மாற்றுக்கருத்து உள்ளோர் எழுதட்டும். ஆசிரியர் முதலில் எழுதினால் மகிழ்வேன்.