நெய்யூர் ரேடியம் முதல் ஒற்றைத் தவணை வரை: தென் திருவிதாங்கூரில் முற்றிய புற்றுக்கான கதிர்ச் சிகிச்சை

பூதப்பாண்டி உள்ளிட்ட தோவாளை வட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியைச் சேர்ந்திருந்தது. ஆகவே இவ்வட்டாரப் புற்றுநோய் மருத்துவத்தின் பழைய தடயங்களைச் சென்னை ஆவணங்களில் தேடிப் பயனில்லை. கல்குளம் வட்டத்து நெய்யூரில்தான் தேட வேண்டும். லண்டன் மிஷன் 1838இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நெய்யூர் மருத்துவர் இருவரின் கட்டுரைகளை வெளியிட்டது. ஆர்தர் ஃபெல்ஸ் வாய்ப்புற்றையும், பென்டால் 1,700 புற்றுநோயாளிகளையும் ஆராய்ந்திருந்தனர். ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை.

இவ்வளவு பேருக்கு வாய்ப்புற்று வந்ததன் காரணத்தை 1933இல் லான்செட் இதழில் விரிவாக எழுதியவர், அதே நெய்யூரில் பணியாற்றிய ஐயன் ஓர். வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் இங்கே வேரோடியது. அது எங்கே அடங்கிக் கிடந்ததோ அங்கேயே புண் முளைத்தது. எவரெஸ்ட் ஏறப் போய் நெய்யூரில் தங்கிவிட்ட ஹோவர்ட் சாமர்வெல்லின் காலத்தில், கத்தியோடு ரேடியமும் சிகிச்சைக்கு வந்தது.

ஆனால் ரேடிய ஊசியின் வீச்சு ஓரிரு சென்டிமீட்டருக்குள் மங்கிவிடும். சிறு கட்டிக்கு அது பொருந்தும். தாடையெலும்பைத் தின்று, கழுத்தில் நெறிகட்டிய பிறகு வருபவருக்கு எட்டாது. வந்தவர்களில் பலர் இந்த இரண்டாம் வகையினர். கருவி ஒரு நோயாளியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, வாசலில் நின்றவர் வேறொருவர் என்பதே இக்கட்டத்தைப் பற்றிய என் மதிப்பீடு.

உயர் ஆற்றலோடு ஆழத்துக்குப் பாயும் கதிர் 1957இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு வந்த கோபால்ட்-60 கருவியோடு தமிழகத்தை எட்டியது. 1970களில் அங்கே மருத்துவர்கள் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்து ஆராய்ந்தனர். முற்றிய நோயையும் குணப்படுத்த முயலலாம் என்ற துணிவு அதில் தெரிந்தது. ஆனால் குணமாக்கும் சிகிச்சைக்கு ஆறேழு வாரங்கள், வாரம் ஐந்து நாள் ‘கரண்டு வைக்க’ (கதிர் பெற) வேண்டும். பூதப்பாண்டிக்காரருக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டர்! 1981இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்ததும் தூரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அலைச்சல் மட்டும் முற்றிலும் தீரவில்லை.

எலும்புக்குப் பரவிய புற்றுக்கு இந்தக் கணக்கே மாறியது. 1999இல் வெளியான பிரிட்டிஷ், டச்சு ஆய்வுகள், 8 கிரே அளவுக் கதிரை ஒரே தவணையில் கொடுத்தாலும் பல தவணைகளுக்கு இணையாக வலி தணிகிறது என்று காட்டின. குறையும் உண்டு. 2007இல் வந்த தொகுப்பாய்வின்படி, ஒற்றைத் தவணை பெற்றவர்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கு மறுபடி கதிர் தேவைப்பட்டது. பல தவணை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கே. வலி தணியச் சில வாரங்கள் ஆகலாம். முதல் சில நாள்கள் அது கூடவும் செய்யலாம், அதுவரை மார்ஃபின் போன்ற வலிமருந்து கைவசம் இருக்க வேண்டும். இரத்தக் கசிவை நிறுத்தவும், கட்டி அடைத்த உணவுக்குழாயில் கஞ்சி இறங்கவும் இப்படிக் குறுகிய தவணைகள் உதவுகின்றன.

இருந்தும் ஒற்றைத் தவணையை ‘கைவிட்ட கேஸ்’ என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பத்துத் தவணையை வழக்கமாகவே எழுதிவிடும் மருத்துவர்களும் உண்டு. முதுகெலும்பில் வலியோடு பேருந்தில் பத்து நாள் போய்வருவதே ஒரு தண்டனை. எலும்புக்குப் பரவிய நோய்க்குக் கதிர் வேண்டுமென்று சொல்லப்பட்டால், ஒரே தவணையில் முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.