மறந்துவிடு: கணினி நினைவில் தங்கும் வைஃபை பெயர்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் விற்கப்படும் கறிவேப்பிலை, வாழையிலை, ஃபில்டர் காபித்தூள் ஆகியவை அப்பகுதித் தமிழர் குடியேற்றத்தின் கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். கண்ணுக்குத் தெரியாத சான்று ஒன்று அவ்வீட்டுப் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் இருக்கிறது. வீடு, கல்லூரி, ஹவுரா நிலையம், சென்னையில் உறவினர் இல்லம் எனக் கணினி இணைந்த வைஃபை பெயர்கள் யாவும் அதில் பட்டியலாகச் சேமிக்கப்படுகின்றன. அப்பட்டியல் ஒருவகைப் பயணக்குறிப்பு.

இதன் வரலாறு இந்தியாவில் பிந்தியே தொடங்குகிறது. 802.11 தரநிலை 1997இல் வெளியானது. வைஃபை என்னும் பெயர் 1999இல் வந்தது. இங்கோ கம்பியில்லாக் கருவிகளை 1933ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்துக்கு உட்படுத்தியிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமவிலக்கு 2005 ஜனவரியில்தான் கிடைத்தது. 2016 முதல் ரயில்டெல்லும் கூகுளும் ரயில் நிலையங்களில் இலவச வைஃபை வழங்கின; 2018இல் அது 400 நிலையங்களை எட்டியது.

ஒரே பெயர் பல நிலையங்களில் ஒலிபரப்பாகும்போது கணினி இடத்தை அறிவதில்லை, பெயரை மட்டுமே அறிகிறது. குறிக்கும் குறிப்பொருளுக்கும் இயற்கையான பிணைப்பில்லை என்னும் மொழியியல் பாடம் இங்கே பாதுகாப்புச் சிக்கலாகிறது. கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பின் பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். தானியங்கி இணைப்பு இயங்கினால் கணினி நம்பி இணையும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஒருபடி மேலே போனது. சேமித்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துத் தேடியது. அருகிலிருப்போர் அதைக் கேட்க முடிந்தது. இப்பலவீனத்தை டினோ டை ஸோவி, ஷேன் மெக்காலே ஆகியோர் 2005இல் விளக்கினர். பின்வந்த திருத்தங்கள் அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தின.

எனவே பயன்படாத பெயர்களை நீக்குவது நல்லது. விண்டோஸில் அமைப்புகள், நெட்வொர்க் மற்றும் இணையம், வைஃபை, தெரிந்த நெட்வொர்க்குகள் என்ற வரிசையில் சென்று, பெயருக்கு எதிரேயுள்ள ‘மறந்துவிடு’ என்பதை அழுத்தினால் போதும். சேமித்த கடவுச்சொல்லும் தானியங்கி இணைப்பும் அத்துடன் அகலும்.

ஆனால் அச்சொல் முழு உண்மையன்று. விஸ்டா முதலான விண்டோஸ் பதிப்புகளின் பதிவேட்டில் வலையமைப்பின் பெயர், முதலில் இணைந்த நாள், கடைசியாக இணைந்த நாள் ஆகியவை தனியே பதிவாகின்றன. ‘மறந்துவிடு’ என்று பணித்த பின்னும் அப்பதிவு எஞ்சியிருக்கக் கூடும். தடயவியலாளர் அதையே வாசிக்கின்றனர். ஆகவே பழைய மடிக்கணினியை விற்குமுன் பட்டியலைக் காலி செய்வது போதாது. வட்டை முழுமையாக அழித்து மீட்டமைக்க வேண்டும். மனிதர் மறந்தால் நினைவு போகிறது. கணினி ‘மறந்தால்’ போவது சாவி மட்டுமே. வந்துபோன தேதி உள்ளே இருக்கிறது.